வாச்சாத்தி: பொய்க்குப் பரிகாரம் எது?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொய் சொல்லும் பழக்கம் என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குடிக்கு அடிமையானவர்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அலுவலகங்களையும் அந்தப் பழக்கம் தொற்றும். தர்மபுரி மாவட்டம் அரூரை அடுத்து, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி அதற்குச் சாட்சி.

1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். அகப்பட்டவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். அரூர் வனத்துறை அலுவலகத்தில் பெண்களின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, அவர்களுடைய ஊர்த் தலைவரான கவுண்டரையே அடிக்க வைத்தார்கள். பிறகு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்கள். அந்த மறுப்பைத் தாங்கிப் பிடித்த நம்பிக்கைகள் இன்றும் நம்மிடையே புழங்குகின்றன.

நம்பிக்கை: பொறுப்பான பதவியில் இருப்பவர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

உண்மை: தொடக்கத்தில் நீதிமன்றத்திலேயே இந்த எண்ணம் ஒலித்தது. வழக்கு நகர்ந்து, 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம், அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் அவர்களில் அடக்கம். பதவி ஒருவரை யோக்கியராக்கிவிடாது; அவர் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பைத்தான் வாங்கித் தரும்.

நம்பிக்கை: நெருப்பில்லாமல் புகையுமா? ஊரே கடத்தல் ஊராக இருந்திருக்கும்.

உண்மை: 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தண்டனையை உறுதி செய்தபோது, உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற ஆடிய நாடகம் இது என்றே கண்டார். கூலிக்கு மரம் வெட்டியவர் யாரேனும் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு வழக்குப் போடலாம். பதின்மூன்று வயதுச் சிறுமியை ஏரிக்கரைக்கு இழுத்துப்போக எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது? பழி சுமத்துவதுதான் பொய்யின் முதல் வேலை. பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டால், அவர் வாயிலிருந்து வரும் எதுவும் சபையேறாது.

நம்பிக்கை: நடந்தது உண்மையானால் அன்றைக்கே புகார் கொடுத்திருப்பார்கள்.

உண்மை: யாரிடம் கொடுப்பது? அடித்தவர்களே கைது செய்தார்கள். கைது செய்தவர்களே சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். தப்பியவர்கள் காட்டில் ஒளிந்திருந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்த பெ. சண்முகம் போன்றவர்கள் ஊருக்குள் போன பிறகே செய்தி வெளியே வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, நடந்தது நடந்ததுதான் என்று அறிக்கை கொடுத்தார். அவரும் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்தான். அலுவலகத்தில் உட்கார்ந்தால் பொய்க்குக் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நம்பிக்கை: ஒரு பொய்தானே, நாளாக நாளாக அடங்கிவிடும்.

உண்மை: பொய் அடங்காது, பழகிவிடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஆதாயத்துக்காகத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னவர்களின் மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் எதிர்வினை குறைந்துகொண்டே போனது. பொய்யின் அளவோ ஏறிக்கொண்டே போனது. தனி மனிதருக்காவது முதல் பொய்யில் நெஞ்சு உறுத்துகிறது. அலுவலகத்தில் அந்த உறுத்தலும் பங்கு பிரிந்துவிடுகிறது: மேலதிகாரி சொன்னார், நான் எழுதினேன், கீழே இருந்து வந்தது, நான் அனுப்பினேன். ஃபைல் நகர நகர, பொய்க்குச் சொந்தக்காரரே இல்லாமல் போகிறார். வாச்சாத்தி வழக்கில் முதல் தீர்ப்பு வருவதற்கே 19 வருடம் ஆனது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள்.

நம்பிக்கை: சிறைத் தண்டனையும் இழப்பீடும் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது.

உண்மை: 2023 தீர்ப்பே அத்தோடு நிற்கவில்லை. அதற்கு முன் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் நீதிபதி வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்திருந்தார். தீர்ப்பின்படி, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும், இறந்திருந்தால் அவர்கள் குடும்பத்துக்கும், தலா 10 லட்சம் ரூபாய். அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். குடும்பத்துக்கு வேலையோ சுயதொழிலோ தரவேண்டும். அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை வேண்டும். இந்தக் கடைசி உத்தரவு முக்கியம்: அடித்த கையோடு, கண்ணை மூடிக்கொண்ட அதிகாரமும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது அது.

நம்பிக்கை: அரசாங்கம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும்.

உண்மை: 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட், பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொள்கைக்காக நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு ஜூனில் கனடாப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், பழங்குடிப் பிள்ளைகளைக் குலைத்த உறைவிடப் பள்ளிகளுக்காக அதையே செய்தார். மன்னிப்பு மட்டும் எதையும் சரிக்கட்டிவிடாது என்று அங்கேயும் குரல்கள் உண்டு. ஆனால் எந்த நாடும் அதனால் கவிழ்ந்துவிடவில்லை.

வீட்டுக்கும் இதே முறைதான். பொய் சொல்வதை நிறுத்துவது பாதி வேலை. அந்தப் பொய்யால் யார் தலையில் பழி விழுந்ததோ, அதை இறக்கி வைப்பது மீதி. தனியாகக் கூப்பிட்டுக் காதோடு காதாக வருத்தம் சொன்னால் சொன்னவர் மனசுதான் லேசாகும். நாலு பேர் முன்னால் ஒருவரைத் திருடன் என்றால், அந்த நாலு பேர் முன்னால்தான் "நான் சொன்னது பொய்" என்றும் சொல்ல வேண்டும். ஒரு ஊரையே கடத்தல்காரர்கள் என்று கோப்பில் எழுதியவர்களுக்கும் அதுதான் கடன்.