கார்வார்: கப்பல் வர்றதுக்கு முன்னாடியே போட்ட பிளான்

மாஸ்டர் பிளான்னா உங்களுக்கு நகரமும் ரிங் ரோடும்தான் ஞாபகம் வரும். ராணுவத் தளங்களுக்கும் அது உண்டு. ஒரே சிக்கல், இன்னைக்குக் கட்டுற துறையில முப்பது வருஷம் கழிச்சு எந்தக் கப்பல் நிக்கும்னு யாருக்கும் தெரியாது.

கர்நாடகாவில் இருக்கிற கார்வாரை எடுத்துக்கோங்க. 1980-களில் நம்ம மேற்குக் கடற்படை மும்பையில் வணிகத் துறைமுகத்தோட இடத்தைப் பங்கு போட்டுக்கிட்டு இருந்தது. சுத்தி நகரம், விரிவாக்க வழியே இல்லை. அதனால 1986-ல் 'சீபேர்ட்' திட்டத்துக்கு ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார். 1991-ல பொருளாதார நெருக்கடி வந்ததும் வேலை தேங்கியது. முதல் கட்டம் ஐ.என்.எஸ். கதம்பா என்ற பெயரில் திறக்கப்பட்டது 2005-ல்தான்.

இவ்வளவு தாமதம் ஆகியும் பிளான் ஏன் வீணாகலை? வரிசையைக் கவனிங்க. திரும்ப மாத்த முடியாததை முதல்ல முடிவு பண்ணிடணும்: நிலம், கடல் ஆழம், அலைத்தடுப்புச் சுவர். அஞ்சுதீவுத் தீவையே கரையோட அலைத்தடுப்பால் இணைச்சுட்டாங்க. குவார்ட்டர்ஸ், ஒர்க்‌ஷாப் எல்லாம் பிறகு எப்ப வேணும்னாலும் சேர்க்கலாம். சுவர் ஒருதடவை சின்னதா போயிடுச்சுன்னா, உள்ளே நிக்கிற கப்பலும் சின்னதாத்தான் இருக்கணும்.

284 மீட்டர் நீளமுள்ள விக்ரமாதித்யா 2014 ஜனவரியில் ரஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்தது கார்வாருக்குத்தான். அடிக்கல் நாட்டினப்போ அதே கப்பல் 'பாகு' என்ற பெயரில் சோவியத் கடற்படைக்காகக் கட்டப்பட்டுக்கிட்டு இருந்தது! அது நம்மகிட்ட வரும்னு அன்னைக்கு யார் கணக்குப் போட்டிருப்பாங்க? (எனக்கு இந்தத் திட்டத்திலேயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.) இப்போ நடக்கிற அடுத்த கட்டம் முடிஞ்சா 32 பெரிய கப்பல்களும் நீர்மூழ்கிகளும் அங்கே நிக்கலாம்.

ஆனா "எதிர்காலத்துக்கு இடம் விடு"ன்னு பிளான்ல ஒரு கோடு போடுறோமே, அந்தக் கோட்டுக்குள்ள ஆள் இருக்காங்க. கார்வாரில் 11,000 ஏக்கருக்கு மேல எடுத்தாங்க. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஊரை விட்டுப் போனாங்க, மீனவர்களும் விவசாயிகளும். மீனவருக்கு வேற இடத்துல மனை கொடுத்தா வீடு கிடைக்கும், கடற்கரை கிடைக்காது. கூடுதல் இழப்பீட்டுக்காகப் போட்ட வழக்குகள் தளம் திறந்த பிறகும் பல வருஷம் ஓடிச்சு. அலைத்தடுப்புக்கு டிசைன் ஆயுள் குறிக்கிற பிளான், அந்தக் குடும்பங்களுக்கு எந்த வருஷத்துக்குள்ள பணம் போய்ச் சேரணும்னும் அதே தாளில் குறிச்சிருக்கலாம்.