பிறசமயத்தார்க்குப் போதித்தலின் முறைமை

ஒருவர் தாம் மெய்யெனத் தெளிந்த சமயத்தைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் குற்றமாகாது. அதனைக் குற்றமென்போமாயின், கோயின் மண்டபத்திற் புராணபடனஞ் செய்வதும், வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நிகழ்த்துவதும் குற்றமாய் முடியும். ஆராயற்பாலது பிறிதொன்று. உரைப்பவர் எந்நிலையிலுள்ளாரிடத்து, எதனைக் கையில் வைத்துக்கொண்டு உரைக்கின்றார்? கேட்பவர் "வேண்டா" என்று எழுந்து போவாராயின் அவர்க்கு யாது குறைந்துபோம்? ஒன்றுங் குறையாதாயின் அது போதனை எனப்படும். மருந்தோ, சோறோ, பிள்ளையின் படிப்போ குறையுமாயின் அதனைப் போதனை என்று பெயரிட்டழைக்க நமக்கு நாவெழவில்லை.

இவ்வளவுகோலைப் பிறர்மேல் மாத்திரம் வைத்துப் பார்த்தல் நம்மவர் வழக்கம். நம்மேலும் வைத்துப் பார்க்கவேண்டிய ஒரு சந்தர்ப்பம் நமக்கு நேர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்து தெல்லிப்பழையிலே தந்தொழிலைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்பாடசாலையுந் தோன்றின. விடுதியிற் சேர்ந்த பிள்ளைக்கு ஊணும் உடையும் புத்தகமும் இலவசமாகக் கிடைத்தன. அச்செலவைக் கடல்கடந்த உபகாரிகள் ஏற்றனர். ஏற்றவர் விரும்பிய பெயர் பிள்ளைக்கு இடப்பட்டது. நியாய இலக்கணஞ் செய்த வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் பெயரில் முற்பாதி அவ்வழக்கத்தின் சுவடேயாம். உடுவிலிற் படிப்பு முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்ணுக்குச் சீதனமும் மிஷனார் கொடுத்தனர். யாழ்ப்பாணத்திலே சீதனத்தினும் வலிய பிரசங்கம் உண்டோவென்பதைப் பெண்ணைப் பெற்றோரே சொல்லக்கடவர்.

இவற்றிலே நாம் பெரிதுங் குறைகூறுவது பிள்ளைகள் பொருட்டேயாம். முப்பது வயதினன் ஒருவன் இருபக்க நூல்களையும் கற்று, ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றுவானாயின், அவனோடு வாதஞ் செய்யலாம்; வெறுத்தல் தகாது. எட்டு வயதுப் பிள்ளை, தன் பெயரையும் மாற்றி உணவையும் அளிக்கின்ற ஓரிடத்திலிருந்துகொண்டு, எதனை எதனோடு ஒப்பிட்டுத் தெரிவு செய்யும்?

அஃதொருபுறமிருக்க, அவர் செய்த நன்மையை மறைத்தலும் நேர்மையன்று. 1862இல் வெளிவந்த உவின்சிலோவின் அகராதியை நாம் இன்றும் புரட்டுகின்றோம். 1847இல் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலிருந்து நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைப் பயிற்றினார். அதனைத் தமிழிலே பயிற்றுதற்காகப் பெரிய வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். இதற்கு நாம் என்றுங் கடப்பாடுடையேம். எனினும் அவ்வைத்தியசாலையிலே மருந்துக்குக் காத்திருந்தோர்க்கு வேதவாசகமும் படித்துக்காட்டப்பட்டது. காய்ச்சலோடு திண்ணையிலிருப்பவன் எழுந்து போகக்கூடியவனா? கிறீனவர்கள் அன்பினாற் செய்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. அன்பினாற் செய்தாரென்பதனாற் காத்திருந்தவனது நிலை மாறிவிடவில்லை.

வேறுவகையாக நடந்தோரும் உளர். 1822இற் பிறந்த நல்லூர் ஆறுமுகநாவலர், பார்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பைபிளைத் தமிழாக்கும் பணியிலும் அவர்க்குத் துணைநின்றார். அத்தனை காலமும் அவர் சைவராகவே இருந்தார். திருநீற்றை அழித்தால்தான் வேலை என்று பார்சிவல் கூறவில்லை. 1847ஆம் ஆண்டிறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கந் தொடங்கிய நாவலர், 1848இல் அவ்வேலையை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பாதிரிமாரின் பிரசங்க முறையும், வினாவிடை முறையும், அச்சியந்திரமும் பின்னர் அவர் கையிற் சைவத்துக்கு ஆயுதமாயின. தம்மோடு உடன்படாதான் ஒருவனைக் கூலிக்கும் மதத்துக்கும் முடிச்சிடாது வைத்திருந்தமையால் வந்த பயன் அது. பார்சிவல் இதனை விரும்பியிருப்பார் என்று நாம் சொல்லவரவில்லை.

நாம் பயின்றதும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியே. அங்கே வேதபாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர், பாடந் தொடங்குமுன், "விரும்பாத சைவப்பிள்ளைகள் நூல்நிலையத்துக்குப் போகலாம்" என்று நாடோறுஞ் சொல்வார். நாம் ஒருநாளும் போகவில்லை. அவர் பாடம் அத்துணை இனிது. வேறோர் ஆசிரியர், விடுதிப்பணங் கட்ட வழியில்லாத நம் வகுப்புத்தோழன் ஒருவனை அழைத்து, ஞானஸ்நானம் பெற்றால் அப்பணம் வேண்டாவென்றனர். அவன் பெற்றான். நாற்பது வருஷங்களுக்குப் பின் அவனைக் கண்டபோது, கோயிலுக்கும் போவதில்லை, தேவாலயத்துக்கும் போவதில்லை என்றான்.

கிறிஸ்தவருள்ளே இவ்விஷயம் உணரப்படாமலில்லை. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றமும், கத்தோலிக்கரின் பல்சமய உரையாடற் பேரவையும், உலக நற்செய்திக் கூட்டமைப்பும் ஒன்றுசேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பொருளாசை காட்டி அழைத்தலை விலக்குகின்றது. சமயம் மாற விரும்புவோர் ஆறியிருந்து சிந்தித்தற்குப் போதிய காலம் வேண்டுமென்கின்றது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, விரும்பிய சமயத்தை மேற்கொள்ளும் உரிமையை எவர்க்கும் வழங்குகின்றது. 2004இல் வலிந்த மதமாற்றத்தைத் தடுக்க ஒரு மசோதா பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்டுச் சட்டமாகாதொழிந்தது. ஆகாதொழிந்தமை பற்றி நாம் வருந்தவில்லை. ஒருவன் மனம் மாறியது ஆசையினாலா ஆராய்ச்சியினாலா என்பதைப் பொலிசார் எங்ஙனம் அளப்பர்?

இனி, முன்னே கூறிய சந்தர்ப்பத்துக்கு வருவாம். 2009இல் யுத்தம் முடிந்தபின் வன்னியில் மீளக்குடியேறிய ஒரு கிராமத்துக்குக் கூரைத்தகரங் கொண்டுசென்றோம். அங்கே சில குடும்பத்தார் ஒரு ஜெபக்கூட்டத்தைச் சேர்ந்திருந்தனர். நம்முடன் வந்த அன்பர் சிலர், அவர்கள் திருநீறு தரித்துத் தாய்ச்சமயந் திரும்பினாலன்றித் தகரங் கொடுத்தலாகாது என்றனர். "அவர்கள் கொடுத்து இழுத்தார்கள்; நாம் கொடுத்து மீட்போம்" என்பது அவர்கள் நியாயம். நாம் உடனே மறுத்தோமல்லேம். சற்று நேரம் அது நமக்கும் நியாயமாகவே தோன்றிற்று என்பதை மறைப்பதிற் பயனில்லை.

நம்மைத் தெளிவித்தவர் அக்குடும்பத்துத் தாயொருவர். "மாஸ்ரர், அவை குடுத்ததுக்காகப் போனனாங்கள் எண்டு சொல்லுறியள். அங்கை எங்களை உள்ளுக்கை கூப்பிட்டு இருத்தினவை. எங்கடை ஊர்க் கோயிலிலை நாங்கள் எங்கை நிண்டனாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

தெரியும். 1968இல் மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசங் கேட்டு நின்றோர் சைவரே. அவரை மறித்தோருஞ் சைவரே. உள்ளே வராதே என்று தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டவனை நோக்கி, வெளியே போகாதே என்று சொல்ல நமக்கு வாயேது? தகரத்தைக் காட்டித் திருநீறு பூசுவிப்பதும், சீதனத்தைக் காட்டி ஞானஸ்நானங் கொடுப்பதும் ஒன்றே. திருநீற்றைக் கூலியாக்குதல் சிவநிந்தையுமாம்.

தகரங்கள் தேவை நோக்கி எல்லார்க்கும் பகிரப்பட்டன. அன்பர் இருவர் அதன்பின் சபைக் கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர்களுள் ஒருவர் நமக்கு இளமைக்கால நண்பர். வழியிற் கண்டாலும் பேசுகின்றாரில்லை.

அத்தாய் அதன்பின்னும் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டத்துக்கே போயினார். அவர் மகன் நாம் அக்கிராமத்திற் சனிக்கிழமைகளில் நடத்திய இலவசத் தமிழ் வகுப்புக்கு வந்தான். வகுப்பின் தொடக்கத்திலே தேவாரம் ஓதுவது வழக்கம்; அவ்வேளையில் அவன் புத்தகத்தை மார்போடணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பான். மூன்றாம் வாரந் தேவாரத்தை வகுப்பின் முடிவுக்கு மாற்றினோம். பாடம் முடிந்தவுடன் அவன் போய்விடலாம். சில நாள் போயினான். சில நாள் இருந்து கேட்டான். ஏன் இருந்தாய் என்று நாம் கேட்கவில்லை.