குறிக்குப் பின்னால் ஒரு வாக்கு

அன்புள்ள தங்கைக்கு,

போஸ்ட்கிரெஸ்ஸில் உங்கள் குழுவுக்கென்று ஒரு ஜேசான் ஆபரேட்டரைச் சேர்க்கப் போகிறாய். ஃபங்ஷன் தயார், ‘கிரியேட் ஆபரேட்டர்’ கட்டளை மட்டும்தான் பாக்கி என்கிறாய். பெரிய வேலை அந்தக் கட்டளையில்தான் இருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

குவெரி எழுதுபவருக்கு ஆபரேட்டர் ஒரு சுருக்கெழுத்து. குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவுசெய்யும் பிளானருக்கோ அது நீ கொடுக்கும் வாக்கு. 2014-இல் 9.4 பதிப்போடு வந்த ஜேசான்பி வகையின் @> குறியையே பார். ‘இந்த ஆவணத்துக்குள் அது அடங்கியிருக்கிறதா’ என்று கேட்கும் அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண ஃபங்ஷன். அதையே பெயர் சொல்லி அழைத்தாலும் விடை மாறாது. ஆனால் ஜின் இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. டேபிள் முழுவதையும் படித்துத்தான் விடை வரும். எந்தக் குறிக்கு இண்டெக்ஸ் உதவும் என்பது ஆபரேட்டர் கிளாஸில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவு இல்லாத வரை உன் குறியும் வேடமிட்ட ஃபங்ஷன்தான்.

அடுத்து, எத்தனை வரிகள் தேறும் என்ற மதிப்பீடு. கட்டளையில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ பகுதியை விட்டுவிட்டால் பாதி வரிகள் தேறும் என்று பிளானர் எடுத்துக்கொள்ளும். ஒரு கோடி வரிகளில் பத்து மட்டும் பொருந்தும் இடத்தில் ஐம்பது லட்சத்தை எதிர்பார்த்தால், அது இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு முழு டேபிளையும் படிக்கவே முனையும். 13ஆம் பதிப்பில் வந்த ‘மேட்சிங்செல்’ என்ற மதிப்பீட்டு ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. அதைக் குறிப்பிடு.

உன் ஃபங்ஷனை ‘இம்யூட்டபிள்’, அதாவது ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும், என்று எழுதும்போது கை நடுங்க வேண்டும். ஜேசானுக்குள் இருக்கும் தேதியை உன் ஃபங்ஷன் நேர மண்டலம் பார்த்து மாற்றுகிறது என்று வை. செஷனின் மண்டலம் மாறினால் விடையும் மாறும். பொய்யாக இம்யூட்டபிள் என்று சொல்லி அதன்மேல் இண்டெக்ஸ் கட்டினால், பழைய விடைகள் அதற்குள்ளேயே தங்கிவிடும். போஸ்ட்கிரெஸ்ஸை உருவாக்குபவர்கள் இதே சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்: ஜேசான் பாதைக் குவெரிகளில் நேர மண்டலம் தேவைப்படுவனவற்றைத் தனி ஃபங்ஷன்களாகப் பிரித்து, ‘ஸ்டேபிள்’ (ஒரு குவெரி ஓடி முடியும் வரை மட்டும் விடை மாறாது) என்று மட்டும் குறித்தார்கள். அவற்றுக்கு ஆபரேட்டரே கொடுக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள். குவெரி மெதுவாக ஓடினால் யாராவது புகார் செய்வார்கள். தவறான விடை அறிக்கைக்குள் சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

‘இல்லை’ என்பதற்கு ஜேசானில் இரண்டு பொருள் உண்டு. சாவியே இல்லாவிட்டால் -> எஸ்கியூஎல் நல்லைத் தரும். சாவி இருந்து அதன் மதிப்பு நல் என்றால் ஜேசான் நல்லைத் தரும்; ‘இஸ் நல்’ சோதனையில் அது சிக்காது. ->> இரண்டையும் ஒன்றாக்கிவிடும். உன் குறி எந்த வழியில் போகும் என்பதை முதல் நாளே முடிவுசெய்து ஆவணத்தில் எழுதிவை.

குறியின் வடிவத்தையும் யோசி. கேள்விக்குறி வேண்டாம், ஜேடிபிசி அதைப் பராமீட்டருக்கான இடமாகப் படிக்கும். முன்னுரிமையை நீ நிர்ணயிக்கவும் முடியாது. போஸ்ட்கிரெஸ்ஸில் புதுக் குறிகள் எல்லாமே கூட்டல் கழித்தலுக்குக் கீழே, || குறியோடு ஒரே படியில், இடமிருந்து வலமாகச் சேரும். ஓர் எழுத்துச்சரத்தை || மூலம் ஒரு ->> விடையோடு ஒட்டினால், சரமும் ஆவணமும்தான் முதலில் ஒட்டிக்கொள்ளும். அடைப்புக்குறி எங்கே தேவை என்று உன் உதாரணங்களிலேயே காட்டிவிடு.

சோதிக்கும்போது வெற்று ஆப்ஜெக்ட், வெற்று அரே, நல், இல்லாத சாவி, ஒன்றுக்குள் ஒன்றான ஆவணம் எல்லாவற்றையும் வை. ஒவ்வொன்றையும் இண்டெக்ஸோடும் இண்டெக்ஸ் இல்லாமலும் ஓட்டு. ஓரிடத்தில் விடை வேறுபட்டாலும் வெளியிடாதே.

வியூக்களும் இண்டெக்ஸ்களும் ஒரு குறியைச் சார்ந்துவிட்டால் அதைத் திரும்ப எடுப்பது கடினம். ஆகவே முதலில் ஃபங்ஷனை மட்டும் குழுவுக்குக் கொடு. அதைப் பலரும் அன்றாடம் அழைத்து, இண்டெக்ஸ் இல்லாமல் முடியாது என்ற நிலை வரும்போது குறியைச் சேர். அதற்குள் நீ கொடுக்கப்போகும் ஒவ்வொரு வாக்கும் உண்மைதானா என்று உனக்கே தெரிந்திருக்கும்.

அன்புடன்,
அக்கா