கோபம் வந்தால் பாவமா?



பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கிற பலரும் "கோபப்பட்டேன்" என்பதைத் தங்கள் பாவக் கணக்கில் முதலாவதாக எழுதிக்கொள்கிறார்கள். ஆனால், "மூன்று வருஷமாய் அண்ணனோடு பேசவில்லை" என்பதை அதே கணக்கில் எழுத மறந்துவிடுகிறார்கள். இவ்விரண்டில் எது பாவம்? இந்த வாரம் இதைச் சற்று ஆராய்வோம்.

1. உணர்ச்சி தன்னிலே பாவமல்ல

மனித உணர்ச்சிகள் யாவும் ஆத்துமத்தின் நோய்கள் என்று ஸ்தோயிக்கர் எனப்பட்ட பூர்வீக ஞானிகள் போதித்தார்கள். 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்பு, வெறுப்பு, ஆசை, அருவருப்பு, மகிழ்ச்சி, துக்கம், நம்பிக்கை, அவநம்பிக்கை, துணிவு, பயம், கோபம் என உணர்ச்சிகள் 11 என்று அவர் வகுத்தார். இவை புத்திக்கு அடங்கி நடந்தால் நன்மை, அதை மீறினால் தீமை என்பது அவர் போதனை.

நம் ஆண்டவரும் கோபங்கொண்டார். ஓய்வுநாளில் சூம்பின கையுள்ள மனிதனைக் குணமாக்குவாரோ என்று வேவு பார்த்தவர்களை அவர் கோபத்தோடு நோக்கினார் என்று அர்ச். மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார். கோபத்தோடு துக்கமும் அவருக்கு இருந்தது. அந்தக் கோபம் ஒரு கையைக் குணமாக்குவதில் முடிந்ததேயன்றி, ஒருவரையும் முறிப்பதில் முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களைப் பாருங்கள். அடுப்பில் நெருப்பில்லாவிட்டால் பால் சுண்டாது. ஆனால் துடுப்பை விட்டுக் கையை எடுத்தால் அடிபிடித்துவிடும். நெருப்பின் மேல் பழி சொல்லி என்ன பயன்? கை எங்கே போயிற்று என்றுதான் கேட்க வேண்டும்.

"கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது, சுவாமி" என்பார்கள் சிலர். மில்லில் மேலதிகாரி ஏசும்போது மட்டும் கண் நன்றாய்த் தெரிகிறதே! அங்கே அடங்குகிற கோபம் வீட்டில் மனைவியிடமும் பிள்ளையிடமும் ஏன் அடங்குவதில்லை? கோபம் எங்கே செல்லுபடியாகுமோ அங்கே அதைக் காப்பவனே உண்மையில் காப்பவன் என்பது "வெகுளாமை" அதிகாரத்தில் வள்ளுவர் கருத்து.

2. கோபம் எங்கே பிறக்கிறது?

"என்னை அற்பமாய் எண்ணிவிட்டார்கள்" என்கிற நினைவிலே கோபம் பிறக்கிறது என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அர்ச். தோமாஸ் கூறுகிறார். ஆகையால்தான் அந்நியரைவிடச் சொந்தக்காரர் மேல் நமக்கு அதிகக் கோபம் வருகிறது.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். இது எந்த வீட்டையும் குறித்து எழுதியதல்ல. தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில், அண்ணன் இராஜபாளையத்தில். தம்பி மகளுக்குப் புதுநன்மை. நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் தம்பி போனில் சொல்லிவிட்டான். "நேரில் வர அவனுக்குக் கால் வலிக்கிறதோ?" என்று அண்ணன் போகவில்லை. "என் பிள்ளையை ஆசீர்வதிக்க அண்ணனுக்கு மனமில்லை" என்று தம்பி பேச்சை நிறுத்தினான். விசேஷத்துக்கு வாங்கிய கடனை அடைக்க அவன் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்ததும், அதைச் சொல்ல வெட்கப்பட்டதும் அண்ணனுக்குத் தெரியாது. அன்று அண்ணன் சோறு உண்ணாமல் படுத்திருந்தது தம்பிக்குத் தெரியாது. இரண்டு ஊருக்கும் இடையே பஸ்ஸில் அரைமணி நேரப் பயணந்தான். மூன்று வருஷமாய் ஒருவரும் ஏறவில்லை. நடுவில் நின்று அழுகிறவள் பெற்ற தாய்.

3. கேட்டறிந்தபின் தீர்ப்பிடுங்கள்

கோபம் ஓர் அவசரக்கார வேலைக்காரன் என்று அரிஸ்டாட்டில் சொல்லுகிறார். எஜமான் சொல்லி முடிக்குமுன்பே அவன் ஓடிப்போய் வேறு எதையோ செய்துவிடுவான். மேற்படி சகோதரர் இருவரும் பாதி கேட்டுக்கொண்டு ஓடியவர்கள்.

யூத குலத்தில் பிறந்த எடித் ஸ்டெயின் என்னும் தத்துவ ஆசிரியை, பிறர் உள்ளத்தை நாம் எப்படி உணருகிறோம் என்பதைப் பற்றியே 1916-ல் தம் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். பிறர் துயரம் ஒருக்காலும் நம் துயரமாகிவிடாது. ஆயினும் அவர் முகத்திலும் குரலிலும் அதைக் காணலாம். ஆனால் நம்மையே அளவுகோலாக வைத்துப் பிறரை அளந்தால் தவறிப்போவோம். அத்தவறைத் திருத்திக்கொள்ளவும் கூடும் என்று அவர் காட்டினார். பின்பு அவர் 1922-ல் ஞானஸ்நானம் பெற்றுக் கார்மேல் கன்னிகையாகி, 1942-ல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். 1998-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தியது.

ஆகவே கோபம் மனதில் எழுவது பாவமல்ல. அறிந்தும் மனம் பொருந்தியும் அதை வளர்ப்பதும், பழிவாங்கத் தேடுவதும், உறவை மறுப்பதுமே பாவம். பொழுது சாயுமுன் கோபம் தணியட்டும் என்று அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் புத்தி சொல்லுகிறார். மூன்று வருஷத்தில் எத்தனை பொழுது சாய்ந்தது!

இவ்வாரத் தீர்மானம்

ஞாயிறு பூசைக்கு வருமுன், பேசாமலிருக்கும் ஒருவரைத் தேடிப்போங்கள். நியாயம் பேசப் போகவேண்டாம். "அன்று உனக்கு என்ன வருத்தம்?" என்று மட்டும் கேட்டு, பதிலை முழுவதும் கேளுங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி கட்டளையிட்ட சேசுநாதர், உங்களுக்கு முன்பாகவே அந்த வாசற்படியில் நிற்பார்.