பெடல் பையில இருந்தா அது சைக்கிள் இல்லை

இந்தக் கிழமை எபிசோடில் ஈ-பைக் பற்றரி பற்றி நீளமாகக் கதைத்தோம். பதிவு முடிஞ்ச பிறகுதான், எல்லாத்துக்கும் முதல் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டேன் என்று நினைவு வந்தது: அந்த வண்டியை ரொறன்ரோ வீதியில ஓடலாமா? அதுக்குத்தான் இந்த மடல்.

போன மாதம் என் மருமகன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். கொலிஜில் படிக்கிற பெடியன், பின்னேரத்தில் சாப்பாட்டு டெலிவரி. "மாமா, 1,100 டொலர்தான். ஸ்ட்ரீட் லீகல் எண்டு போட்டிருக்கு. லைசன்ஸ், இன்சூரன்ஸ் ஒண்டும் தேவையில்லையாம். எடுக்கவோ?" சனிக்கிழமை இரண்டு பேருமாக ஸ்காபரோவில் விற்கிறவரின் வீட்டுக்குப் போனோம். பார்க்க ஸ்கூட்டர் மாதிரி. அகலமான சீற், முன்னுக்குப் பெரிய லைற். பெடலைக் காணேல்லை. கேட்டதுக்கு சீற்றைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார். "இருக்கு தம்பி, காலில தட்டுது எண்டு கழட்டி வச்சிருக்கு."

அந்தப் பையைப் பார்த்ததுமே எனக்குப் பதில் தெரிஞ்சுது. ஒன்ராறியோவில் ஈ-பைக்குகளை 2006-இல் பரீட்சார்த்தமாக விட்டு, 2009 ஒக்ரோபரில் நிரந்தரமாக அனுமதித்தார்கள். வீதிப் போக்குவரத்துச் சட்டம் அதைச் சைக்கிளின் ஒரு வகையாகவே பார்க்கிறது. 16 வயதும் தலையில் ஹெல்மெற்றும் இருந்தால் போதும். லைசன்ஸ், பிளேற், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பெடல் வண்டியில் பூட்டியிருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும், மோட்டாரை நிற்பாட்டினாலும் காலால் மட்டும் மிதித்து வண்டியை ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பையில் இருக்கிற பெடல் கணக்கில்லை.

இங்கேதான் கனபேர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். விதிக்குப் பொருந்தாத ஈ-பைக் என்றால் ஏதோ சின்ன டிக்கெற், லைற் இல்லாத சைக்கிளுக்குத் தருவது மாதிரி, என்று நினைப்பு. அப்படி இல்லை. வரையறைக்கு வெளியே போனதும் அது சைக்கிளே இல்லை. பிளேற்றும் இன்சூரன்ஸும் இல்லாத ஒரு மோட்டார் வாகனம். கட்டாய வாகனக் காப்புறுதிச் சட்டத்தின்படி இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடினால் முதல் தடவைக்கே குறைந்தது 5,000 டொலர் தண்டம், கூடினால் 25,000. லைசன்ஸை ஒரு வருடம் வரை நிறுத்தி வைக்கலாம். 1,100 டொலர் வண்டிக்கு! "சரி, இன்சூரன்ஸ் எடுத்து ஓடுறன்" என்றும் சமாளிக்க ஏலாது. மோட்டார் வாகனத்துக்குரிய அடையாள இலக்கமும் பாதுகாப்பு முத்திரையும் இல்லாமல் வந்த வண்டிக்குப் பிளேற் எடுக்க வழியில்லை.

பெடலைத் திருப்பிப் பூட்டினால் சரியா? மருமகனும் அதைத்தான் கேட்டான். அதனால் குனிந்து பின்சில்லு மோட்டாரின் கவசத்தைத் துடைத்துப் பார்த்தேன். 48V 750W என்று வெட்டியிருந்தது. கனடாவின் எல்லை 500 வாட். இது தொடர்ச்சியாகத் தரும் வலு, மோட்டாரின் தண்டில் அளப்பது. ஏற்றத்தில் சில செக்கன்களுக்கு எழும்பும் உச்ச வலு அல்ல. 48 வோல்ற் பற்றரியும் 20 அம்பியர் கொன்ட்ரோலரும் இருந்தால் பற்றரியில் இருந்து 960 வாட் வரை இழுக்கலாம். அதனால் மட்டும் 500 வாட் மோட்டார் 960 வாட் மோட்டார் ஆகிவிடாது. இந்தக் குழப்பத்தைப் பாவித்துத்தான் விளம்பரம் எழுதுகிறார்கள், இரண்டு பக்கமும். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரண்டு மோட்டார் இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

750 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் இருந்து. அங்கே பல மாநிலங்களில் எல்லை 750 வாட். அந்தச் சந்தைக்குச் செய்த வண்டி அதே "ஸ்ட்ரீட் லீகல்" என்ற வசனத்தோடு எல்லை தாண்டி இங்கே வருகிறது. வசனம் பொய்யில்லை, வீதிதான் வேறு. தமிழ்நாட்டில் இருந்து வந்த மாணவர்களுக்கு மறுபக்கக் குழப்பம்: இந்தியாவில் பதிவு தேவையில்லாத மின்வண்டிக்கு வலு 250 வாட், வேகம் 25 கிலோமீற்றர் என்ற எல்லை. ஆனால் அங்கே பெடல் கேட்பதில்லை. சென்னையில் பெடல் இல்லாத குட்டி ஸ்கூட்டரை லைசன்ஸ் இல்லாமல் ஓடின பழக்கம் இங்கே உதவாது.

வேகம் மணிக்கு 32 கிலோமீற்றர். சம தரையில் அந்த வேகம் வந்ததும் மோட்டார் உதவியை நிறுத்த வேண்டும். இறக்கத்தில் 45-இல் உருண்டால் அது உங்கள் துணிச்சல், மோட்டாரின் குற்றம் இல்லை. திரையில் காட்டும் வேகத்தை நம்பாமல் போன் ஜிபிஎஸ்ஸில் பாருங்கோ. "கோட் அடிச்சா 50 போகும்" என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால் அங்கேயே திரும்பிவிடலாம். 32-ஐத் தாண்டும்படி மாற்றம் செய்யவே கூடாது.

வாங்கும் இடத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கு. பின்சில்லைத் தரையில் இருந்து உயர்த்தி, கையால் முறுக்கும் த்ரொட்டிலைக் கொடுங்கோ. சில்லு சுற்றும்போதே பிரேக்கைப் பிடியுங்கோ. மோட்டார் உடனே அறுபட வேண்டும். பெடல் மிதித்து இயங்கும் வகை என்றால், மிதிக்கிறதை விட்டதும் நிற்க வேண்டும். மருமகன் பார்த்த வண்டியில் பிரேக்கைப் பிடித்தும் மோட்டார் முனகிக்கொண்டே நின்றது. சட்டத்தை விடுங்கோ, மழை நாளில் சந்தியில் இதோட நிற்கிறதை யோசியுங்கோ.

மிச்சம் அளவுநாடா வேலை. பற்றரியோடு சேர்த்து 120 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு தனித்தனி பிரேக் வேண்டும், 30 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 9 மீற்றருக்குள் நிற்க வேண்டும். சில்லின் விட்டம் 350 மில்லிமீற்றருக்கும், அகலம் 35 மில்லிமீற்றருக்கும் குறையக்கூடாது. தயாரிப்பாளரின் லேபல் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இருக்க வேண்டும். ஆனால் லேபலை மட்டும் நம்பவேண்டாம், அது ஒரு ஸ்டிக்கர்தானே.

இதெல்லாம் பாஸ் பண்ணினாலும் எந்தப் பாதையில் போகலாம் என்பதை மாநகரசபை தனியாகச் சொல்கிறது. 40 கிலோவுக்குக் குறைவாக, மிதித்தால்தான் நகரும் வண்டியைச் சாதாரண சைக்கிள் போல எங்கும் கொண்டுபோகலாம். அதைவிடப் பாரமானதும் மிதிக்காமலே ஓடுவதும் கோடு கீறிய சைக்கிள் லேனில் போகலாம். றிச்மண்ட், அடிலெய்ட் வீதிகளில் இருப்பதுபோலத் தடுப்பு வைத்துப் பிரித்த பாதையிலோ, ஏரிக்கரை மார்ட்டின் குட்மன் ட்ரெயிலிலோ போகக்கூடாது. நின்றுகொண்டு ஓடும் எலெக்ட்ரிக் கிக்-ஸ்கூட்டர் வேறு கதை, ரொறன்ரோ அதை அனுமதிக்கவே இல்லை. குடித்துவிட்டு ஓடினால் எந்த ஈ-பைக்கும் குற்றவியல் சட்டத்தில் மோட்டார் வாகனம்தான்.

"அப்ப சப்வேயில ஏத்திக்கொண்டு வேற ஒண்டைப் பாத்து எடுப்பம்" என்றான் மருமகன். பனிக்காலத்தில் அதுவும் சரிவராது. 2023 டிசம்பர் 31-இல் ஒரு சப்வே ரயிலில் ஈ-பைக் எரிந்த பிறகு, நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை லிதியம் பற்றரி வண்டிகளை ரி.ரி.சி. ஏற்றுவதில்லை.

அந்த வண்டியை அவன் எடுக்கவில்லை. 500 வாட், பெடல் பூட்டிய ஒன்றுக்குக் காசு சேர்க்கிறான். அன்றிரவு எனக்கும் ஒரு யோசனை வந்து, கராஜில் மூன்று வருடமாக நான் ஓடும் மடிக்கிற ஈ-பைக்கை நாடா பிடித்து அளந்தேன். 12 அங்குலச் சில்லு. 305 மில்லிமீற்றர்.