கை ஏன் பேசுகிறது?

பையனுக்கு வயது 12. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். பேச்சு வராது. இரண்டு நாளாகக் காதில் ஓங்கி ஓங்கி அடித்துக் கொண்டான். "பேய் பிடித்திருக்கிறது" என்றார் பாட்டி. "திமிர்" என்றார் மாமா. அம்மா அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். காதில் சீழ்! மருந்து போட்டதும் சீழ் வற்றியது. அடிப்பதும் நின்றது.

அவனுக்கு வாயால் சொல்ல முடியவில்லை. கை சொன்னது. பல்வலி, மலச்சிக்கல், தூக்கமின்மைகூட இப்படி வெளிப்படலாம். நடத்தை திடீரென மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லையா? சிலருக்கு மிக்சி சத்தமே தாங்காது. சிலர் குளிக்கக் கூப்பிட்டால் கடிப்பார்கள். வீட்டார் பயந்து விட்டுவிடுவார்கள். கடித்தால் குளிக்க வேண்டாம் என்று அவர் கற்றுக்கொள்கிறார். கற்றுக் கொடுத்தது வீட்டார்தானே? கடிப்பதற்குப் பதிலாக, "வேண்டாம்" என்று கையசைக்கப் பழக்குங்கள். கையசைத்தால் சற்று நேரம் விடுங்கள். தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

இப்போது எழுதக் கற்றிருக்கிறீர்கள். ஒரு நோட்டில் நாள், நேரம், அதற்கு முன் நடந்தது, பின் நடந்தது எல்லாம் எழுதி வாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.