உங்கள் ஒரு வரியால் ஊரார் லேப்டாப் பூட்டிக்கொள்ளுமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தில் பேக்எண்ட் இன்ஜினியராக இருக்கிறேன். கோ மொழியில்தான் வேலை. லேப்டாப்களை நிர்வகிக்கும் ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு ஓய்வு நேரத்தில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். தொலைந்துபோன மேக் கணினியைத் தூரத்திலிருந்தே பூட்டும் பகுதி அது. "கட்டளை போய்ச் சேர்ந்து, டேட்டாபேஸில் பதிவு விழாமல் போனால் என்ன ஆகும்?" என்று அங்கே ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் தவறால் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கணினி பூட்டிக்கொண்டால்? விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம் வேறு.
- எஸ்.கே., கோவை

பதில்: அன்புள்ள எஸ்.கே., முதலில் நிம்மதியாக இருங்கள். நீங்கள் அனுப்பியது புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம்) மட்டுமே. அது இன்னும் எவருடைய கணினியையும் தொடவில்லை. பராமரிப்பாளர்கள் படித்து, தானியங்கிச் சோதனைகள் தேறி, அடுத்த வெளியீட்டில் சேர்ந்து, அந்த வெளியீட்டை ஒரு நிறுவனம் தன் சர்வரில் ஏற்றினால்தான் உங்கள் வரிக்கு உயிர் வரும். கேள்வி கேட்டவர் உங்களைக் குறை சொல்லவும் இல்லை. அப்படிக் கேட்க ஆள் இருக்கும் திட்டத்தில்தான் புதியவர்கள் தைரியமாக எழுதலாம். விலகாதீர்கள்.

ஆனால் உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் துறையில் அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும். கடை நடத்தும் இணையதளத்தில் பிழை வந்தால் பக்கம் திறக்காது. திருத்தி ஏற்றினால் முடிந்தது. சாதன நிர்வாகத்தில் சர்வர் அனுப்பிய கட்டளை சாதனத்துக்குள் போய்விட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆப்பிள் சாதனங்களில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சர்வர் நேராகக் கணினியைக் கூப்பிடுவதில்லை. ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழியாக "வந்து பார்" என்று ஒரு சின்னத் தகவல் போகிறது. கணினி தானாக வந்து, வரிசையில் தனக்கென்று காத்திருக்கும் கட்டளையை எடுத்துக்கொள்கிறது. மேக்கைப் பூட்டும் கட்டளையோடு ஆறு இலக்க பின் எண் ஒன்று போகும். அதைத் தட்டினால்தான் கணினி திறக்கும். அந்த எண்ணை உருவாக்குவது உங்கள் சர்வர். கட்டளை முதலில் போய், எண்ணைப் பதிவு செய்யும் நேரத்தில் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால், மேக் பூட்டிக்கொள்ளும்; திறக்கும் எண் உலகத்தில் யாரிடமும் இருக்காது. உங்களைக் கேட்டவர் மனதில் இருந்தது இதுதான்.

ஆகவே எது முதலில், எது பிறகு என்பதை மாற்றுங்கள். எண்ணைப் பதிவதும் கட்டளையை வரிசையில் சேர்ப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது என்ற ஏற்பாடு) இருக்கட்டும். வரிசை வேறொரு இடத்தில் இருந்து அது முடியாதென்றால், எண்ணை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கட்டளையைச் சேருங்கள். இடையில் அறுந்தாலும் பயன்படாத எண் ஒன்று பதிவில் கிடக்கும், அவ்வளவுதான். நிர்வாகி அவசரத்தில் பொத்தானை இரண்டு முறை அழுத்துவார் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு எண்கள் உருவானால் எது செல்லும் என்று யாருக்கும் தெரியாது. முதல் கட்டளை நிலுவையில் இருக்கும்வரை இரண்டாவதை ஏற்கவே கூடாது.

பிறகு ஒரு சோதனை எழுதுங்கள். டேட்டாபேஸில் எழுதும் இடத்தில் வேண்டுமென்றே பிழையை உண்டாக்கி, கட்டளை வரிசை காலியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். கேட்டவருக்கு விளக்கக் கட்டுரை எதுவும் எழுத வேண்டாம். இந்தச் சோதனையைச் சேர்த்துவிட்டு, எதைச் சோதிக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. ஒரு வாரம் பதில் வராவிட்டால் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பராமரிப்பாளர்களுக்கு வேலை மலைபோல் இருக்கும்.

இதே துறையில் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். பூட்டுத்திரையில் இருக்கும் சாதனம் சில கட்டளைகளுக்கு 'நாட் நவ்' (இப்போது முடியாது) என்று பதில் அனுப்பும். அது தோல்வி இல்லை. அதைத் தோல்வி என்று குறித்துக் கட்டளையைத் தூக்கி எறிகிற சர்வரில், அமைப்புக் கோப்புகள் பல கணினிகளுக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடும். சாதனம் திறந்ததும் தானே திரும்பி வரும். கட்டளை அதுவரை வரிசையில் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று அளவு. ஃபிளீட் என்ற திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோ மொழியில் எழுதப்பட்டது. மைஎஸ்க்யூஎல், ரெடிஸ் இரண்டும் அதற்கு அடித்தளம். கணினிகளில் ஓஎஸ்குவெரி (கணினியின் நிலையை டேட்டாபேஸ் அட்டவணைபோல் கேட்டறியும் முகவர்) ஓடும். அதன் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு கணினியும் 10 வினாடிக்கு ஒருமுறை "எனக்குக் கேள்வி ஏதும் உண்டா?" என்று வந்து கேட்கும். 10,000 கணினிகள் என்றால் வினாடிக்கு 1,000 அழைப்புகள். அந்தப் பாதையில் தேவையில்லாத ஒரே ஒரு செலக்ட் வரியைச் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் வரி) சேர்த்தாலும் டேட்டாபேஸ் திணறக்கூடும். உங்கள் மடிக்கணினியில் இரண்டு சாதனங்களை வைத்துச் சோதிக்கும்போது இது கண்ணில் படவே படாது. மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோப்பு) விஷயத்திலும் அப்படித்தான். கணினிகளில் உள்ள மென்பொருள் பட்டியல் போன்ற அட்டவணைகளில் லட்சக்கணக்கில் வரிகள் இருக்கும். அங்கே ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பது அட்டவணையை எவ்வளவு நேரம் பூட்டிவைக்கும் என்று பார்த்துவிட்டே எழுத வேண்டும். ஏற்கெனவே வெளியான மைக்ரேஷன் கோப்பைத் திருத்தவே கூடாது. புதிதாக ஒன்று எழுத வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எழுதுவது நிலைக்குமா என்ற சந்தேகமும் உங்களுக்கு வரலாம். ஓஎஸ்குவெரியை ஃபேஸ்புக் 2014-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. 2019-ல் அது லினக்ஸ் ஃபவுண்டேஷன் பொறுப்புக்கு வந்தது. ஃபிளீட் முதலில் கொலைட் என்ற நிறுவனத்தில் பிறந்தது. அந்த நிறுவனம் 2020-ல் அதைக் கைவிட்டபோது, மூலநிரல் திறந்திருந்ததால் அது கிளைபிரிக்கப்பட்டு வேறொரு நிறுவனத்தில் வளர்ந்தது. பழைய பங்களிப்பாளர்களின் வரிகளும் அதோடு போய்த் தொடர்ந்தன.

கடைசியாக, வேலை. இதை நான் லேசாகச் சொல்லிவிட விரும்பவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். ஓய்வு நேரத்தில் எழுதியதையும் உரிமை கோரும் வாசகம் பல நிறுவனங்களின் நியமன ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அலுவலக லேப்டாப்பிலும் அலுவலக மின்னஞ்சலிலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். திட்டத்தின் பெயரையும், ஓய்வு நேரத்தில் பங்களிக்க அனுமதி வேண்டும் என்பதையும் நான்கு வரியில் எழுதி மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் அனுப்புங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். வாய்மொழிச் சம்மதம் போதாது, தம்பி. மேலாளர் மாறினால் அது காற்றோடு போய்விடும். எழுத்தில் பதில் கிடைக்கும்வரை விண்ணப்பத்தை வரைவு நிலைக்கு மாற்றி வையுங்கள். கிடைத்த அன்றே அந்தச் சோதனையைச் சேர்த்து அனுப்பிவிட்டு, என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.